பூனை தன்னையே நக்குவது ஏன்?
ரோம உதிர்வும் அதன் காரணங்களும்

கொச்சி நகரின் மட்டாஞ்சேரிப் பகுதி நெடுங்காலமாக மிளகு, சுக்கு, ஏலம் முதலிய சரக்குகளின் சந்தையாக விளங்கி வந்துள்ளது. தானியமும் சரக்கும் குவியும் இடத்தில் எலி பெருகும். எலி பெருகும் இடத்தில் பூனைக்கு மதிப்பு உண்டு. 1568-ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட யூதர் கோயிலுக்குச் செல்லும் தெருவிலும், காயலை ஒட்டிய கடை வீதியிலும், பண்டகசாலைகளின் படிகளிலும் பூனைகள் படுத்திருப்பதை இன்றும் காணலாம். கோணிப் பைகளைக் காவல் காத்த இப்பிராணி, காலப்போக்கில் வீடுகளினுள்ளும் புகுந்து, குழந்தைகளின் தோழனாகிவிட்டது.

இத்தகைய வீடொன்றுக்கு நமது களப் பணியாளர் ஒருவர் செல்கிறார் என்று கொள்வோம். அவ்வீட்டுப் பூனையின் அடிவயிற்றிலும் பின்தொடைகளின் உட்புறத்திலும் ரோமமே இல்லை. தோல் வழவழப்பாகத் தெரிகிறது. புண்ணோ சிவப்போ காணப்படவில்லை. “ஓயாமல் நக்கிக்கொண்டே இருக்கிறது, அது அதன் பழக்கம். பக்கத்து வீட்டார் புதிய பூனை ஒன்றை வாங்கியதிலிருந்து இதற்கு மனக்கவலை” என்று வீட்டு அம்மாள் கூறுகிறார். மூலையில் ஒரு சிறு புட்டியில் மண்ணெண்ணெய் கலந்த எண்ணெய் இருக்கிறது. மாலையில் அதைப் பூனையின் உடலில் தடவப்போவதாகவும் சொல்கிறார்.

இந்தக் காட்சியில் இரண்டு பிழைகள் உள்ளன. ஒன்று, காரணத்தைத் தேடாமல் ‘பழக்கம்’ என்று பெயரிட்டுவிடுவது. மற்றொன்று, நக்கும் பிராணியின் உடலில் நஞ்சைத் தடவுவது. முதற்பிழையினால் நோய் நீடிக்கும். இரண்டாவதனால் பூனை மாண்டும் போகலாம். இவ்விரண்டையும் தவிர்க்கும் வழியை இக்கட்டுரை ஆராய்கிறது.

நாவின் அமைப்பு

பூனையின் நாவைத் தொட்டவர்கள் அது அரம்போலச் சொரசொரப்பாக இருப்பதை அறிவார்கள். நாவின் மேற்பரப்பில் பின்னோக்கி வளைந்த நுண்ணிய முட்கள் வரிசை வரிசையாக உள்ளன. நமது நகமும் தலைமயிரும் எப்பொருளால் ஆனவையோ, அதே கெரட்டின் என்னும் பொருளால் இம்முட்களும் ஆனவை. அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2018-ஆம் ஆண்டில் வீட்டுப் பூனையின் நாவையும், புலி, சிங்கம் முதலிய அதன் இனத்துப் பெருவிலங்குகளின் நாவையும் ஆராய்ந்து ஒரு புதிய உண்மையை வெளியிட்டனர். முட்களின் நுனி குடைந்தெடுத்த சிறு கரண்டிபோல் உட்குழிவாக உள்ளது. அக்குழி உமிழ்நீரைத் தானே உறிஞ்சி நிறுத்தி, ரோமத்தின் அடிவரை கொண்டு சேர்க்கிறது என்பதே அது.

இதன் பயன்கள் பல. ரோமம் தூய்மையடைகிறது, உதிர்ந்த ரோமமும் ஒட்டுண்ணிகளும் நீக்கப்படுகின்றன, உமிழ்நீர் ஆவியாகும்போது உடல் குளிர்கிறது. ஆகவே நக்குதல் பூனையின் இயற்கைக் கடமை. நலமுள்ள பூனை உண்ட பின்னும் உறங்கி எழுந்த பின்னும் முகம் முதல் வால் வரை ஒழுங்காக நக்கித் துடைத்துக்கொள்ளும். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப நக்குவதும், நக்கிய இடத்தில் ரோமம் குறைவதும், உறக்கத்தையும் உணவையும் விளையாட்டையும் விட்டுவிட்டு நக்குவதுமே நாம் கவனிக்க வேண்டிய அறிகுறிகள்.

உதிர்கிறதா, ஒடிகிறதா?

ரோமம் இல்லாத இடத்தைக் கண்டதும் நாம் கேட்க வேண்டிய முதல் வினா: ரோமம் வேரோடு உதிர்கிறதா, அல்லது பூனை நக்கி ஒடித்துவிடுகிறதா? பூனை பெரும்பாலும் மறைவிடத்தில் நக்கும் இயல்புடையது. அதனால், தம் பூனை நக்குவதைக் கண்டதே இல்லை என்று வீட்டார் உறுதியாகக் கூறுவதும் உண்டு. அவர்கள் பொய் கூறவில்லை. பூனை அவர்கள் கண்ணெதிரில் நக்கவில்லை, அவ்வளவே.

இவ்வினாவிற்கு ரோமமே விடை கூறும். வழுக்கையான இடத்தின் ஓரத்திலிருந்து சில ரோமங்களை எடுத்து உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் நோக்கினால், இயற்கையான ரோமத்தின் நுனி ஊசிபோல் சிறுத்துச் சென்று முடிவதைக் காணலாம். நக்கி ஒடிக்கப்பட்ட ரோமத்தின் நுனியோ மழுங்கியும் பிளந்தும் இருக்கும். விரலால் தடவினாலும் குறுகிய அடிக்கட்டைகள் நெருநெருவென்று தட்டுப்படும். நுனிகள் ஒடிந்திருப்பின் பூனை நக்குகிறது என்பது உறுதி. அடுத்து ஏன் நக்குகிறது என்று ஆராயலாம். நுனிகள் முழுமையாக இருந்து, ரோமம் இலேசாகக் கையோடு வருமாயின், உள்நோய்களை எண்ணி மருத்துவரை நாட வேண்டும்.

தெள்ளுப்பூச்சியே முதற் சந்தேகம்

நக்குதலுக்குரிய காரணங்களுள் முதலிற் சோதிக்கத் தக்கது தெள்ளுப்பூச்சி. மிகவும் சாதாரணமானது, எளிதில் கண்டுபிடிக்கக் கூடியது, எளிதில் நீக்கக் கூடியது என்பவையே அதை முதலில் வைப்பதற்குக் காரணங்கள். இப்பூச்சி பூனையின் மீதிருந்து இரத்தத்தை உறிஞ்சுகிறது. ஒரு பெண் பூச்சி ஒரே நாளில் 40 முட்டைகள் வரை இடக்கூடும். முட்டைகள் ரோமத்தில் ஒட்டி நிற்பதில்லை. பூனை படுக்கும் இடமெல்லாம் உதிர்ந்துவிடும். அவற்றினின்று வெளிவரும் புழுக்கள் ஒளியைக் கண்டு ஒதுங்கி, தரை இடுக்குகளிலும் பாயின் அடியிலும் கோணியின் மடிப்பிலும் மறைந்து வளர்கின்றன. பிறகு கூடு கட்டிக்கொண்டு, அதனுள் சில மாதங்கள் வரையிலும் காத்திருக்க வல்லவை. நடமாட்டத்தின் அதிர்வையும் உடலின் வெப்பத்தையும் உணர்ந்ததும் கூட்டை விட்டுக் குதித்தெழுகின்றன. நெடுநாள் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து நுழைந்தவுடன் கால்களில் தெள்ளு கடிப்பதன் இரகசியம் இதுவே.

குளிர் நாடுகளில் கடுங்குளிர் காலம் இப்பூச்சியின் பெருக்கத்தை ஓரளவு அடக்குகிறது. கொச்சியில் அத்தகைய காலமே இல்லை. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழையும், காயற்காற்றின் ஈரமும், பெரும்பாலும் 23 முதல் 33 டிகிரி சென்டிகிரேடுக்குள் நிற்கும் உஷ்ணமும் தெள்ளுக்கு ஆண்டு முழுவதும் வளமான வாழ்வை அளிக்கின்றன. இத்தகைய சூழ்நிலையில் முட்டையிலிருந்து முதிர்ந்த பூச்சியாவதற்கு மூன்று, நான்கு வாரங்களே போதும். தமிழ்நாட்டின் கடற்கரை ஊர்களிலும் நிலைமை இதிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று.

“எங்கள் பூனையின் மீது ஒரு தெள்ளு கூட இல்லையே!” என்று வீட்டார் கூறுவது வழக்கம். இது உண்மையாக இருக்கலாம். எனினும் தெள்ளு காரணமன்று என்பதற்கு அது சான்றாகாது. சில பூனைகளுக்குத் தெள்ளின் உமிழ்நீர் ஒவ்வாது. அவற்றுக்குச் சில கடிகளே பல நாள் அரிப்பை உண்டாக்கும். அரிப்பினால் நக்கும் பூனை, தன் மீதுள்ள தெள்ளுகளை விழுங்கியும் விடுகிறது. 2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், தெள்ளு உள்ள வீடுகளில் வாழ்ந்த பூனைகள் சிலவற்றின் கழுத்தில், நக்க இயலாதவாறு அகன்ற பட்டையை அணிவித்தனர். மூன்று வாரங்களில் அவற்றின் மீது, பட்டை அணியாத பூனைகளைக் காட்டிலும் ஏறக்குறைய இரு மடங்கு தெள்ளுகள் இருந்தன. நாவே சீப்பாகவும் பொறியாகவும் பணிபுரிகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான நிரூபணம் வேண்டுவதில்லை. மிகுதியாக நக்கும் பூனையிடம் தெள்ளு கிடைப்பது அரிது என்பதும் இதனால் விளங்கும்.

ஆகையால், தெள்ளைத் தேடுவதை விட அதன் எச்சத்தைத் தேடுவதே மேல். பேன் சீப்பினால் பூனையின் முதுகின் பின்பகுதியையும் வாலின் அடியையும் வாரி, சீப்பில் வரும் கருந்துகள்களை ஈரமான வெள்ளைத் தாளின் மீது உதறவேண்டும். துகளைச் சுற்றிச் செம்பழுப்பு நிறம் பரவினால் அது தெள்ளின் எச்சம். அதாவது, செரித்த இரத்தம். நிறம் பரவாவிடில் அது வெறும் மண்தூசியே. ஒரு முறை சீவியதில் ஒன்றும் கிடைக்காவிடினும் சில நாட்கள் தொடர்ந்து பார்த்தல் நலம்.

தெள்ளை விழுங்கும் பூனைக்கு நாடாப்புழுவும் வரக்கூடும். வாலின் அடியில் அரிசிமணி போன்ற துண்டுகள் ஒட்டியிருப்பது அதன் அடையாளம். தரையில் விளையாடும் சிறு குழந்தை தற்செயலாகத் தெள்ளை விழுங்க நேர்ந்தால் அதற்கும் இப்புழு தொற்றுவதுண்டு.

ஏனைய காரணங்கள்

படர்தாமரை. இது புழு அன்று, பூஞ்சையினால் உண்டாவது. வட்ட வட்டமாக ரோமம் உதிர்ந்து செதிள் தோன்றும். சில பூனைகளில், சிறப்பாக நீண்ட ரோமமுள்ள பாரசீக இனத்தில், வெளிக்குறி ஏதுமின்றியே தொற்று மறைந்திருக்கும். இது குழந்தைகளுக்கு எளிதில் பரவும். வீட்டில் குழந்தையின் கையிலோ முகத்திலோ வட்டமான அரிப்புத் தடிப்பு தோன்றினால் பூனையையும் சோதிக்க வேண்டும். ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைக் கடையில் கேட்டு வாங்கித் தடவுவது பூஞ்சையை மறைத்துப் பரப்புமேயன்றிக் குணப்படுத்தாது.

சொறி. கண்ணுக்குப் புலப்படாத நுண்பூச்சிகளால் வருவது. காது விளிம்பிலும் முகத்திலும் தொடங்கித் தோல் தடித்துப் பொருக்குக் கட்டும். அரிப்பு மிகக் கடுமையாக இருக்கும்.

உணவு ஒவ்வாமை. பூனைகளுக்கு ஒவ்வாத பொருள்களுள் மாட்டிறைச்சி, மீன், கோழி ஆகியவை முதன்மையானவை. அங்காடி மீனின் கழிவையே அன்றாட உணவாகக் கொள்ளும் கடற்கரைப் பூனையின் விஷயத்தில் இது நினைவிற் கொள்ளத் தக்கது. இதனைக் கண்டறிய இரத்தப் பரிசோதனை போதாது. மருத்துவர் கூறும் புதிய உணவு ஒன்றை மட்டும் சுமார் எட்டு வாரங்கள் அளித்துப் பார்ப்பதே நம்பகமான வழி.

வலி. தோலில் அரிப்பு இல்லாதபோதும், உள்ளே வலிக்கும் இடத்தின் மேற்புறத்தைப் பூனை நக்கும். மூட்டு வலிக்கும் முதிய பூனை அம்மூட்டையும், சிறுநீர்ப்பை அழற்சியுற்ற பூனை அடிவயிற்றையும் நக்குவதுண்டு. ஆண் பூனை அடிக்கடி குந்தி முக்கியும் சிறுநீர் வெளிவராவிடில், அது உயிருக்கு ஆபத்தான நிலை. அடைப்பு நீங்காவிடின் ஓரிரு நாட்களிலேயே மரணம் நேரலாம். அன்றே, அப்போதே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

மனக்கவலை உண்மையா?

உண்மையே, ஆயினும் நாம் எண்ணுமளவு மிகுதியன்று. 2006-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி இதனை நன்கு விளக்குகிறது. மனக்கோளாறினாலேயே ரோமத்தை நக்கி ஒடிக்கின்றன என்று கருதப்பட்ட 21 பூனைகளை மருத்துவர்கள் முறைப்படி சோதித்தனர். 16 பூனைகளில் உடல் நோயே காரணம் என்று தெரிந்தது. அவற்றில் உணவு ஒவ்வாமையே மிகுதி. 3 பூனைகளில் உடல் நோயும் மனநிலையும் சேர்ந்திருந்தன. மனநிலை ஒன்றே காரணமாயிருந்தவை 2 பூனைகள் மட்டுமே. ஆகவே ‘மனக்கவலை’ என்பது ஆராய்ச்சியின் முடிவில் வர வேண்டிய சொல், தொடக்கத்தில் அன்று.

உடற்காரணங்கள் யாவும் நீங்கிய பின்னும் நக்குதல் தொடர்ந்தால், சூழ்நிலையை நோக்கலாம். வீடு மாற்றம், புதிய பிராணி, நெடுநேரத் தனிமை, சன்னலுக்கு வெளியே உலவும் அயற்பூனைகள் ஆகியவை பூனையைக் கலங்கச் செய்யும். சுவரோடு சுவர் ஒட்டிய மட்டாஞ்சேரித் தெருக்களில் அயற்பூனையின் தொல்லை குறைவாக இராது. உயரமான ஓர் ஒதுக்கிடம், குறித்த வேளையில் உணவு, நாள்தோறும் சிறிது விளையாட்டு ஆகியவை பெரிதும் பயன்படும். நக்கும்போது அடிப்பதும் அதட்டுவதும் கலக்கத்தை வளர்க்குமே தவிரக் குறைக்கா.

நாவின் வழியே நஞ்சு

இனி மண்ணெண்ணெய்ப் புட்டிக்கு வருவோம். பூனையின் உடலில் தடவியது எதுவாயினும் சிறிது நேரத்தில் அதன் வயிற்றினுள் சென்றுவிடும். நாய்க்குத் தோல் மருந்தாவது பூனைக்கு உள்மருந்தாகிவிடுகிறது. அன்றியும், பல இரசாயனங்களைச் சிதைத்து வெளியேற்றுவதற்கு மனிதருக்கும் நாய்க்கும் கல்லீரலில் உள்ள ஒரு வசதி பூனைக்கு மிகக் குறைவு. இறைச்சியையே உண்டு வாழ்ந்த இவ்வினத்தில், அதற்குரிய மரபணு ஒன்று செயலிழந்துவிட்டது.

இதன் விளைவை உலகம் ஒருமுறை வியப்போடு கண்டது. 1950-களில் மலேரியாவை ஒழிப்பதற்காக போர்னியோத் தீவின் சரவாக் பகுதியில் வீடுகளின் உட்சுவர்களில் டி.டி.டி. தெளிக்கப்பட்டது. அதன்பின் அங்கே பூனைகள் இறந்ததாகவும் எலிகள் பெருகியதாகவும் செய்திகள் வந்தன. சுவரில் உராய்ந்த பூனைகள் தம் ரோமத்தை நக்கியபோது நஞ்சை உட்கொண்டன என்பது அதற்குக் கூறப்பட்ட விளக்கம். 1960-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பிரிட்டிஷ் விமானப்படை பாரியோ என்னும் மலைப்பகுதிக்கு இருபதுக்கும் மேற்பட்ட பூனைகளைப் பாராசூட்டின் மூலம் இறக்கியது. இவ்வரலாறு பின்னர் பலவாறு மிகைப்படுத்திக் கூறப்பட்டுள்ளது. எனினும் நக்கும் பிராணிக்குத் தோலும் வாயும் ஒன்றே என்னும் அதன் பாடம் மிகையன்று.

ஆகவே மண்ணெண்ணெய், பினாயில், கற்பூர எண்ணெய், தேயிலைமர எண்ணெய் ஆகியவற்றைப் பூனையின் மீது ஒருபோதும் தடவலாகாது. பினாயில் கொண்டு தரையைக் கழுவினால், அது நன்கு உலரும் வரை பூனையை அப்புறம் வைக்க வேண்டும். நாய்களுக்கென விற்கப்படும் தெள்ளு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் என்னும் பொருள் உள்ளது. அது பூனைக்கு நடுக்கத்தையும் வலிப்பையும் உண்டாக்கிக் கொல்லவும் வல்லது. தவறித் தடவிவிட்டால் வெதுவெதுப்பான நீரும் பாத்திரம் துலக்கும் மென்சோப்பும் கொண்டு கழுவி, உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். வலிக்கென்று பாரசிட்டமால் கொடுப்பதும் கூடாது. ஒரே மாத்திரை பூனையைக் கொல்லப் போதும்.

பூனைக்கெனவே தயாரிக்கப்பட்ட, நாவுக்கு எட்டாத பிடரியில் இடும் சொட்டு மருந்துகள் இப்போது கிடைக்கின்றன. எடைக்கும் வயதுக்கும் ஏற்ற அளவை மருத்துவர் கூறுவார். வீட்டிலுள்ள எல்லாப் பூனைகளுக்கும் நாய்களுக்கும், அதனதற்குரிய மருந்தை ஒரே சமயத்தில் இட வேண்டும். படுக்கைத் துணிகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துதல், தரை இடுக்குகளை நாள்தோறும் பெருக்குதல் ஆகியவற்றையும் சேர்த்துச் செய்ய வேண்டும். கூட்டினுள் காத்திருக்கும் பூச்சிகள் பின்னும் வெளிவருமாதலால், சிகிச்சையைக் குறைந்தது மூன்று மாதங்கள் தொடர்தல் அவசியம்.

பணியாளர்க்கும் ஆசிரியர்க்கும்

களப் பணியாளர்கள் வீட்டாரிடம் ஐந்து கேள்விகளைக் கேட்டுக் குறித்துக்கொள்வது நலம்: எந்த இடத்தில் ரோமம் இல்லை? எப்போது தொடங்கியது? என்ன உண்கிறது? உடலில் எதைத் தடவினீர்கள்? வீட்டில் வேறு எவருக்கேனும் அரிப்பு உண்டா? இக்குறிப்புடன் பூனையை அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனைக்கு அனுப்பினால் மருத்துவரின் வேலையில் பாதி முடிந்துவிடும்.

ஆசிரியர்கள் ஈரத் தாள் சோதனையையும், ரோம நுனியை உருப்பெருக்கியால் நோக்குவதையும் வகுப்பில் செய்து காட்டலாம். அதிகச் செலவில்லாத இச்சோதனைகள், ஊகத்திற்கும் சான்றிற்கும் உள்ள வேற்றுமையை மாணவர்களுக்கு உணர்த்தும். செதிள் படிந்த வட்டப் புண்ணிலிருந்து ரோமம் எடுக்கலாகாது. சோதனைக்குப் பின் கைகளைச் சோப்பினால் கழுவ வேண்டும். பூனை கடித்தாலோ கீறினாலோ, காயம்பட்ட தோலை நக்கினாலோ, அவ்விடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவி, வெறிநோய்த் தடுப்பூசிக்காக உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதையும் மாணவர்களுக்கு வற்புறுத்துதல் வேண்டும்.

நாம் முதலிற் கண்ட வீட்டில் பணியாளர் செய்ய வேண்டியது கடினமானதன்று. புட்டியை அப்புறப்படுத்தச் சொல்லி, ஒரு பேன் சீப்பையும் ஈரமான வெள்ளைத் தாளையும் கேட்டு வாங்க வேண்டும். தாளில் செம்பழுப்பு நிறம் பரவுவதை அந்த அம்மாள் தம் கண்ணாலேயே கண்டுவிட்டால், அதன்பின் நீண்ட விளக்கம் தேவைப்படாது. நிறம் பரவாவிட்டாலும் கவலையில்லை. தேட வேண்டிய அடுத்த காரணம் எது என்பதை நாம் அறிவோம். பேச இயலாத பிராணி தன் துன்பத்தை நாவினால் தன் உடலின் மீதே எழுதிக் காட்டுகிறது. அதைப் படித்தறிவது நமது பொறுப்பு.